நடுவர் இல்லாத மொட்டைமாடி

தமிழ்நாட்டில் எந்த விஷயத்தையும் இரண்டாகப் பிரித்து மேடையேற்றிவிடலாம். கணவனா மனைவியா, மாமியாரா மருமகளா, கிராமமா நகரமா, பழைய பாட்டா புதுப் பாட்டா. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் மணியோடு ஒருவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் குளித்துப் புதுத்துணி போட்டு, இட்லித் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆறு பேர் நம் வீட்டுச் சண்டையைப் போடுவதைப் பார்ப்பது நமக்குப் பண்டிகையின் ஒரு பகுதி. அதில் விசித்திரமாக ஏதும் இருப்பதாகவே நமக்குத் தோன்றாது.

எனக்குத் தோன்றியது ஒரகடம் வந்த பிறகுதான். இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். ஆறு வருஷம் ஆகிறது. தங்கியிருப்பது பெண்கள் மட்டும் தங்கும் மூன்று மாடி வாடகைக் கட்டடம், ஒரு அறைக்கு ஆறு பேர். அதன் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு சொற்பொழிவுத் தொடர் நடக்கிறது. இதுவரை வந்த தலைப்புகளில் சில: 'பக்கெட் வரிசையும் நில உரிமையும்', 'திங்கட்கிழமை கேன்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் எங்கே போகிறது', 'கம்பெனி பஸ் டிரைவர் அண்ணன்களின் இளையராஜா: வழித்தட வாரியாக', 'தமிழர்கள் போனை எப்படி வைக்கிறார்கள்', 'கழுத்தில் ஏறும் கயிறுகள்: ஓர் ஒப்பாய்வு'.

சிரிப்பதற்காகத்தான் ஆரம்பித்தோம், இன்னமும் சிரிக்கத்தான் மாடியேறுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். தலைப்பு எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு தைரியமாகப் பேசுகிறார்கள். அது ஏன் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

*

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம். சின்ன வயசில் நான் "பட்டிமன்றம்" என்று சொன்னால் தாத்தா திருத்துவார்: "பட்டிமண்டபம்னு சொல்லு." அவருக்கு அது கம்பன் விழாச் சொல். 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். பங்குனியில் விழா, கடைசி நாள் நிகழ்ச்சி கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில். காப்பியங்களில் கிடந்த பட்டிமண்டபம் என்ற பழைய சொல்லைத் தூசி தட்டி மேடைக்குக் கொண்டுவந்த பெருமை கணேசனுக்கு உண்டு. குன்றக்குடி அடிகளார் நடுவராக இருந்து அதை ஜனங்களிடம் கொண்டுபோனார். தாத்தா சைக்கிளில் போய்க் கேட்டுவிட்டு வருவார். கம்பனைவிட அவர் அதிகம் வியந்தது நேரத்தை. "போட்ட நிமிஷத்துக்கு ஆரம்பிச்சிருவாங்க ஆத்தா" என்பார். இப்போது சைரன் சத்தத்துக்கு எழுந்து ஓடும்போதெல்லாம் அந்த வியப்பு எனக்கு நினைவுக்கு வரும்.

கம்பன் விழாக்களில் கும்பகருணனா வீடணனா என்று வாதாடுவார்கள். கேட்பதற்குப் பண்டித விளையாட்டு போலத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கேள்வி வேறு: சொந்த அண்ணன் தப்புப் பண்ணும்போது கூடவே நின்று சாவதா, சரியான பக்கம் என்று தெரிந்த இடத்துக்கு விலகிப் போவதா? பங்காளித் தகராறு இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் ஏது? முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் தங்கள் வீட்டு வழக்கைத்தான் கேட்டிருப்பார்கள்.

அதே காலத்தில் அதே கம்பனை வைத்து மிகப் பெரிய தலைப்பு ஒன்றும் மேடையேறியது. 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்துவது பற்றி அண்ணா ஒரு பக்கம் நின்று வாதாட, மறுபக்கம் சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையும் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியும் நின்றார்கள். அந்தப் பேச்சுகள் 'தீ பரவட்டும்' என்ற புத்தகமாக வந்தன. பெரிய தலைப்புக்குப் பெரிய ஆட்கள் வேண்டும், அவர்களுக்குப் பின்னால் ஒரு இயக்கமும் வேண்டும் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பிறகு தலைப்புகள் கம்பனை விட்டு வீட்டுக்குள் நுழைந்தன. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் நடத்திய சாலமன் பாப்பையா டிவி வழியாகத் தமிழ்நாட்டின் நிரந்தர நடுவர் ஆனார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தது. திண்டுக்கல்லில் பள்ளி ஆசிரியராக இருந்த லியோனி, சினிமாப் பாட்டை எடுத்துக்கொண்டார். பழைய பாட்டு சிறந்ததா புதுப் பாட்டா என்ற அவருடைய பட்டிமன்றக் கேசட்டுகள் தொண்ணூறுகளில் டீக்கடைதோறும் ஓடியதாக அப்பா சொல்வார். இரண்டு பாட்டுக்கு நடுவில் அன்றைய அரசியலை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். யாராவது கேட்டால், "பாட்டைப் பத்தித்தானே பேசுறோம்?" இந்த ஒரு உத்தியைத்தான் நாங்கள் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தெரியாது.

*

2024 தீபாவளிக்கு ஊருக்குப் போகாதவர்கள் மெஸ் ஹாலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். டிக்கெட் கிடைக்காதவர்கள் சிலர், டபுள் சம்பளத்துக்காக நின்றவர்கள் சிலர். பட்டிமன்றம் ஓடியது. மனைவி பற்றிய ஜோக்குகள் வரிசையாக வந்தன. பாரதி பாஸ்கர் மாதிரி வங்கி வேலையையும் மேடையையும் ஒன்றாகச் சுமந்த பெண்கள் அதே மேடைகளில் திருப்பி அடித்ததால்தான் எங்கள் அம்மாக்கள் அதை இன்னும் பார்க்கிறார்கள். ஆனால் அன்று ஹாலில் இருந்த இருபது பேரில் ஒருத்திகூட மனைவியும் இல்லை, மருமகளும் இல்லை. வீட்டுச் சண்டை போட எங்களுக்கு வீடே கைவசம் இல்லை.

சேலத்து அக்காதான் ஆரம்பித்தது. "ஏன்டி, இந்த ஆறு பேர்ல ஒருத்தராவது நம்ம பக்கெட் வரிசையில நின்னிருப்பாங்களா?"

"நீ பேசேன்க்கா."

"பேசுவேன். ஞாயித்துக்கிழமை வாங்க, மேல."

அங்கே இரண்டு விதிகள் உருவாயின. ஒருவர்தான் பேச வேண்டும், பதினைந்து நிமிஷம், போன் அலாரம்தான் மணி. தலைப்பு கையில் பிடிக்கிற அளவு இருக்க வேண்டும். 'உணவு' கூடாது, 'இட்லி' கூடாது, 'திங்கட்கிழமை கேன்டீன் இட்லி' என்றால் அனுமதி. இரண்டு அணி வைக்க முடியவில்லை. மூன்று ஷிப்டுக்கு நடுவே ஆறு பேச்சாளர்கள் ஒன்றாகக் கிடைப்பது அமாவாசையும் பவுர்ணமியும் ஒரே நாளில் வருகிற மாதிரி. நடுவருக்கும் ஆள் இல்லை. மேடைக்கு ஒரு தலைவர் வேண்டுமே என்று தண்ணீர்த் தொட்டியைத் தலைவராக்கினோம். "தலைவர் சின்டெக்ஸ் அவர்களே, அவையோர்களே" என்று சொல்லாமல் யாரும் பேச்சைத் தொடங்கக் கூடாது.

சேலத்து அக்காவின் முதல் உரை இன்றுவரை யாராலும் தாண்ட முடியாதது. முதல் ஷிப்ட் பஸ் விடிவதற்கு முன்பே வந்துவிடும். குளியலறை ஒரு மாடிக்கு மூன்று. மூன்றரை மணிக்கே பக்கெட்டுகள் வரிசையில் நிற்கும், ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இதற்கு எங்கேயும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருக்கிறது என்று அக்கா நிரூபித்தது. "பக்கெட் மட்டும் இருந்தா அது புறம்போக்கு. யார் வேணா நகர்த்தலாம். உள்ள மக் இருந்தா பட்டா. சோப்பு டப்பாவும் இருந்தா பட்டா, சிட்டா, அடங்கல் மூணும் இருக்குன்னு அர்த்தம், தொடக்கூட முடியாது. துணி ஊற வச்ச பக்கெட்ட வரிசையில வச்சிருந்தா? அது ஆக்கிரமிப்பு. கலெக்டர் வந்தாலும் எடுக்க முடியாது."

கொடியில் காய்ந்த சுடிதார்களுக்கு நடுவே விழுந்து விழுந்து சிரித்தோம். சத்தம் கேட்டு மேலே வந்திருந்த மெஸ் சமையல் அக்காவும் சிரித்தது. அது பக்கத்து ஊர்க்காரர், தொழிற்பேட்டை வருவதற்கு முன்பிருந்தே இந்த மண்ணில் இருக்கிறவர். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னது: "எங்க மாமனாரு அவரு நிலத்துல மக் வைக்க மறந்துட்டாரு போல. இப்ப அங்கதான் கம்பெனி பார்க்கிங்கு."

அதற்கும் சிரித்தோம். சிரித்த பிறகுதான் என்ன சொன்னது என்று உறைத்தது. எத்தனையோ தடவை அது கையால் சோறு வாங்கியிருக்கிறோம். இந்த ரோட்டோரத்து ஏரிகளும் வயல்களும் எப்படி சிப்காட் ஆயின என்று நாங்களும் கேட்டதில்லை, அதுவும் சொன்னதில்லை. 'தொழிற்பேட்டைகளும் நில எடுப்பும்' என்று தலைப்புப் போட்டுக் கூப்பிட்டிருந்தால் அது மாடிப்படி ஏறியே இருக்காது. பக்கெட்டைப் பற்றி என்பதால் ஏறியது.

*

எங்கள் கட்டடத்தில் விழுப்புரம், திருவண்ணாமலை, தென்காசிக்காரர்கள் இருப்பதுபோல ஜார்க்கண்ட், ஒடிசா, பிகாரிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு 2024 ஆகஸ்டில் திறந்தது. ஒரு சின்ன டவுனுக்குண்டான பெண்கள் ஒரே வளாகத்தில். அதற்கு வெளியே எங்களை மாதிரி வாடகைக் கட்டடங்களில் இருப்பவர்கள் தனி. கயாவிலிருந்து வந்த ஒரு பெண் எங்கள் தளத்தில் இருக்கிறாள். லைனில் பேசிப் பேசியே இரண்டு வருஷத்தில் தமிழ் கற்றுக்கொண்டவள். ஐந்தாவது வாரம் அவள் கையைத் தூக்கினாள்.

"தலைவர் சின்டெக்ஸ் அவர்களே. நான் பாக்கறேன், நீங்க யாரும் போனை வைக்கிறதில்ல. 'சரி வச்சிடவா'ன்னு சொல்றீங்க. அது வைக்கிறது இல்ல, அது இன்டர்வெல். அப்புறம் 'ம்ம், சரி'. அப்புறம் 'அப்புறம்?'. அவங்க சொல்றாங்க 'அப்புறம் நீதான் சொல்லணும்'. அப்புறம் 'சாப்டியா?'. முதல்லயே கேட்டாச்சு, மறுபடி கேக்கறீங்க. 'உடம்பப் பாத்துக்க'. 'சரி வை'. 'நீ வை'. தென்காசி அக்கா நாலு நிமிஷம் பேசினாங்க, பதினோரு நிமிஷம் வச்சாங்க. நான் டைம் பாத்தேன்."

தென்காசிக்காரி தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். இவள் விடவில்லை. தமிழில் யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஒரு மாசம் அவள் அதை நம்பி, வருவார்கள் வருவார்கள் என்று கதவைத் தாழ்போடாமல் இருந்திருக்கிறாள். கடைசியில் சொன்னாள்: "இப்ப எனக்கும் வந்துடுச்சு. அம்மாகிட்ட ஹிந்தியில பேசிட்டு நடுவுல 'அப்புறம்?'னு கேக்கறேன். அம்மா 'க்யா?'ன்றாங்க. அந்த மாதிரி ஒரு வார்த்தை எங்க அம்மாகிட்ட இல்ல. அதனால வச்சிடறாங்க."

பேச்சு முடிந்ததும் அவளிடம் ஒரு விஷயம் சொன்னேன். பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்தில் வரும் இடம், புகாரில் இருந்த பரிசுப் பொருள்களின் பட்டியல். வச்சிர நாட்டு மன்னன் சோழனுக்கு முத்துப்பந்தல் தந்தான், அவந்தி மன்னன் தோரணவாயில் தந்தான், மகத மன்னன் தந்தது பட்டிமண்டபம். மகதம் என்றால் இன்றைய பாட்னா, கயா சுற்றியுள்ள நாடு. தமிழர்கள் ஏறி நின்று வாதாடும் மேடையைக் கொடுத்தவர்கள் அவள் ஊர்க்காரர்கள் என்று காப்பியம் சொல்கிறது.

கொஞ்சம் யோசித்தாள். "குடுத்துட்டு அப்புறம் திருப்பிக் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் பேசறதுக்கு வாடகை கிடையாது."

மணிமேகலையிலும் இந்த மண்டபம் வருகிறது. இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், சமயவாதிகள் முறைப்படி பட்டிமண்டபம் ஏறட்டும் என்கிறான். கூடவே, பகைவரிடம்கூடக் கோபமும் கலகமும் வேண்டாம், விலகிப் போங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறான். ஊரே வெளியாட்களால் நிறைந்திருந்த துறைமுகத்தில் செய்த அறிவிப்பு அது. ஒரகடம் கூட்டுரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றால் அந்த முரசுக்காரனுக்கு என்ன கவலை இருந்திருக்கும் என்று புரியும்.

*

கயிறு பற்றிப் பேசியவள் விழுப்புரம் பக்கத்துப் பெண். இருபத்தி மூன்று வயசு இருக்கும். எங்கள் கம்பெனியில் ஐடி கார்டு மாட்டும் டேக் மூன்று நிறம். பர்மனென்டுக்கு நீலம், டிரெய்னிக்குப் பச்சை, கான்ட்ராக்டுக்கு மஞ்சள். யார் இந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்கள் தமிழ்க் கல்யாணம் எதற்கும் போனதில்லை.

"தலைவர் சின்டெக்ஸ் அவர்களே, அவையோர்களே. எங்க அம்மா தினமும் போன்ல கேக்குது, உன் கழுத்துல எப்படி மஞ்சக் கயிறு ஏறும்னு. ஏறிடுச்சும்மா. பதினோரு மாசத்துக்கு."

அங்கேயே முதல் சிரிப்பு. பிறகு அவள் புள்ளி புள்ளியாக ஒப்பிட்டாள். அந்தக் கயிற்றுக்கு நாள் பார்ப்பார்கள், இதற்கும் பார்ப்பார்கள், உள்ளே வரும் நாளும் வெளியே போகும் நாளும். அதைக் கட்டுபவர் பெயர் பத்திரிகையில் இருக்கும். இதைக் கட்டியது கம்பெனியா, கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரா என்று சம்பளச் சீட்டைப் பார்த்தாலும் சட்டென்று சொல்ல முடியாது. அதைக் கட்டியதும் புகுந்த வீட்டில் விளக்கேற்றச் சொல்வார்கள். இதைக் கட்டியதும் லைனில் நிற்கச் சொல்வார்கள், பக்கத்தில் நிற்கும் நீலக் கயிறு செய்கிற அதே வேலைக்கு.

"அதுல மூணு முடிச்சு. இதுல முடிச்சே கெடையாது, பின்னாடி ஒரு கிளிப்பு. ஏன் தெரியுமா? மெஷின்ல மாட்டிக்கிட்டா கழுத்து போயிரக் கூடாதாம். இழுத்தா தானா கழன்டுக்கும். சேப்டி டிரெய்னிங்ல சொன்னாங்க. அவையோர்களே, இழுத்தா கழன்டுக்கற மாதிரிதான் செஞ்சிருக்காங்க."

வார்டன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். என் அறையில் ஆணியில் தொங்குவது நீலம். அதை யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரியும். அலாரம் அடித்தது. "நன்றி கூறி விடைபெறுகிறேன்" என்றாள், மேடைப் பேச்சாளர் மாதிரியே கைகூப்பி.

டிவியாக இருந்திருந்தால் இந்த இடத்தில் நடுவர் எழுந்து இரண்டு பக்கத்தையும் பாராட்டி, ஒரு குட்டிக்கதை சொல்லி, தீர்ப்பு சொல்லியிருப்பார். எங்கள் கம்பெனியில் ஒரு ஆயுத பூஜைக்கு வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்துப் பட்டிமன்றம் வைத்தார்கள். வாழ்க்கையில் உயர்வது உழைப்பாலா அதிர்ஷ்டத்தாலா என்று தலைப்பு. எச்.ஆர். அலுவலகம் தேர்ந்தெடுத்த தலைப்புக்கு என்ன தீர்ப்பு வரும் என்று பொரி மூட்டை தூக்கி வந்தவருக்குக்கூடத் தெரியும். உழைப்பு ஜெயித்தது. ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு செகண்ட் ஷிப்டுக்குப் போனோம். தீர்ப்பு என்பது ஒரு சௌகரியம். கேட்டதை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போகலாம். சின்டெக்ஸ் தலைவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். அதனால் கயிறு எங்களோடு கீழே இறங்கி வந்தது, திங்கட்கிழமை பஸ்ஸிலும் ஏறியது.

மூன்று வாரத்தில் அவளுடைய பதினோரு மாசம் முடிந்தது. டேக்கை கேட்டில் ஒப்படைத்துவிட்டு, ஒரு பையோடும் மக் வைத்த பக்கெட்டோடும் கிளம்பினாள். "வரேன்க்கா" என்றாள். கயாக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

*

இதையெல்லாம் போராட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போராட்டம் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தொடர் தொடங்கிய அந்தத் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்புதான், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது பெரிய தலைப்பு. அதைப் பேச ஆயிரக்கணக்கில் ஆட்கள் ரோட்டுக்கு வர வேண்டியிருந்தது, சம்பளத்தை விட வேண்டியிருந்தது, கைதாக வேண்டியிருந்தது. மொட்டைமாடி ஜோக்கை அதற்குப் பக்கத்தில் வைக்க எனக்கு வாய் வராது.

ஆனால் ஒன்று சொல்லலாம். அந்த வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் எங்கள் அறையில் நாங்கள் ஆறு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பேச எங்களிடம் சொல் இல்லை. 'ஒப்பந்தத் தொழிலாளர்', 'கூட்டுப் பேரம்' எல்லாம் நோட்டீஸில் இருக்கிற சொற்கள், வாயில் வராது. இன்று எங்கள் லைனில் மஞ்சள் டேக் போட்ட புதுப் பெண் யாராவது வந்தால், கேன்டீனில் "என்ன கல்யாணப் பொண்ணே, எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்கிறார்கள். சூப்பர்வைசருக்குப் புரியாது, ஏதோ கிண்டல் என்று போய்விடுவார். கேட்கப்பட்டவள் "அஞ்சு" என்பாள். அந்தக் கேள்வியை நீலக் கயிறுகளும் கேட்கின்றன. விழுப்புரத்துப் பெண் போன பிறகும் அவள் விட்டுப்போன சொல் வேலை செய்கிறது.

கும்பகருணனைக் கேட்டுவிட்டுத் தாத்தா தன் அண்ணனிடம் போய்ப் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. பேசியிருந்தால் அதற்கான வார்த்தைகள் அவருக்குக் கிடைத்திருக்கும் என்று மட்டும் நினைக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பேச வார்டன் அம்மாவே பெயர் கொடுத்திருக்கிறார். தலைப்பு: 'கேட் பூட்டும் நேரம்: எட்டு மணி என்பது எத்தனை மணி?' இருபது நிமிஷம் கேட்டார். எல்லோருக்கும் பதினைந்துதான் என்று சொல்லிவிட்டோம்.